சைக்கிளும் மூங்கிலும்

27-9-95, புதன்
காலையிலிருந்து மழை. செம்பனைக் குலை ஏற்றிய லோரி இரண்டு தடவை சேற்றில் சிக்கியது. வீடு வந்ததும் முதல் வேலை, மூங்கில் வில்லின் நாணைக் கழற்றியது. ஈரத்தில் பூட்டியே வைத்தால் வளைந்தபடி நின்றுவிடும், பாவம். தேங்காய் எண்ணெய் தடவினேன். ஞாயிறு பெம்பான் திடலில் வில் போட்டி.
மனைவி சரோவின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து தூக்கி வந்த புது வில்லுக்கு எண்ணெயும் வேண்டாம், கொஞ்சலும் வேண்டாம். மேலும் கீழும் சக்கரம், இடையில் கயிறு, குறி பார்க்க ஊசி. நான் வைத்த பெயர் சைக்கிள். பெயர் இந்த நோட்டோடு இருக்கட்டும். அவள் காதில் விழுந்தால் தொலைந்தேன். அண்ணன் என்றால் சரோவுக்கு உயிர்.

29-9, வெள்ளி
வாங்க: தேன்மெழுகு, நூல், சரோவுக்குப் பொத்தான் (வெள்ளை, 12).
பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் அப்பெக் வான்கோழி இறகு ஐந்து கொடுத்தார். அம்புக்கு ஆயிற்று.
மச்சான் போன்: "மாப்ள, ஞாயித்துக்கிழமை போட்டி பாக்க வரேன். நம்ம வில்லுல ஒரு கை பாத்துடுங்க லா!" சரி என்றேன். வேறென்ன சொல்வது.
வீட்டுப் பின்னால் சைக்கிளில் விட்டுப் பார்த்தேன். ஆறு அம்பும் நடுவில். குறை சொல்ல ஒன்றுமில்லை. விட்டது நான் என்றுதான் தோன்றவில்லை. மூங்கிலை இழுத்தால் தோள் நடுங்கும். அன்னாசி நார் நாண் காதோரம் ஏதோ சொல்லும். ஞாயிறு அதை வீட்டில் விட்டுப் போக மனசே இல்லை. ஆனால் மச்சான் முகம் சுண்டினால் சரோ முகமும் சுண்டும்.

30-9, சனி
நல்ல வெயில். சரோ ஆயுத பூஜைக்குச் சாமான்களை அடுக்கிவிட்டாள். பாராங் கத்தி, சுத்தியல், ஸ்பேனர், சைக்கிள். சக்கரத்துக்கெல்லாம் சந்தனம், குங்குமம். கற்பூரமும் காட்டியாயிற்று. தையல் மெஷினுக்கு மட்டும் ஒன்றுமில்லை. தீபாவளிச் சட்டை அவசரமாம்.

1-10, ஞாயிறு
மச்சான் வந்ததும், "வில்லு எங்க?"
சரோ சாமி மேடையைக் காட்டினாள். "பூஜையில வெச்சாச்சுண்ணே. விஜயதசமிக்கு முந்தி தொடக் கூடாது. அவரு அந்த மூங்கில எடுத்துக்கிட்டுப் போகட்டும்."
மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.
ஆறு அம்பு. மூன்று வைக்கோல் குறியில், ஒன்று வேலியில், இரண்டு போன இடம் தெரியவில்லை. பரிசு யாருக்கோ. மச்சான் நாணைச் சுண்டிச் சுண்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, இது பேசுது?" எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

2-10, திங்கள்
எஸ்டேட் ஆபீஸ் கிராணி அதட்டல்: "லோரியக் கழுவுப்பா. இன்னிக்குச் சாயந்திரம்தானே ஆயுத பூஜை?"
இன்றைக்கா? அப்போது சனிக்கிழமை நடந்தது?
வீட்டுக்கு வந்து கேட்டேன். சரோ மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உங்க சைக்கிளுக்கு ரெண்டு நாள் கூடுதலா பூஜை நடந்தா கெட்டா போயிடும்?"
எங்கள் வீட்டில் சைக்கிளே கிடையாது. அந்தப் பெயர் இருப்பது இந்த நோட்டில் மட்டும்தான்.
நோட்டு வழக்கமான இடத்திலேயே இருக்கட்டும்.
சரோ, மூங்கிலுக்காக நன்றி. பொத்தான் வாங்க மறந்துவிட்டேன்.