சுக்கான் தட்டாத மூலை

கோவில்பட்டி
கார்த்திகை 12, சாயங்காலம் நாலு மணி

அன்பு மகள் சுதாராணிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். அந்தக் குளிர் ஊரில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சுகமாயிருக்கச் செண்பகவல்லியம்மனை நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். முந்தாநாள்தானே வீடியோவில் பார்த்தோம், இப்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், நானும் அங்கேயே நிறுத்திக்கொள்வேன். இது நிறுத்தாமல் சொல்ல வேண்டியது.

இந்த வருஷம் மழை பரவாயில்லை. புதூர்ப் பக்கம் உளுந்தும் மக்காச்சோளமும் நன்றாக எழும்பியிருக்கிறதாம். மழை என்றால் நம் வீட்டில் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அடுப்படிக் கதவு நிலையில் பிடித்துக்கொண்டது. அப்பா வழக்கம்போல் தோளைக் கொடுத்து முட்டி, "ஏலே பரமசிவா, கதவ விடுலே" என்கிறார். நீயும் பள்ளிக்கூடம் போகிற வயதில் அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அந்தக் கதவைத் தள்ளுவாய். நம் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட கொத்தனார் பரமசிவன் செத்து ஏழு வருஷமாகிவிட்டது. அந்தப் பேர் மட்டும் நம் வீட்டில் சாகவில்லை. சித்திரையில் கரிசல் காய்ந்து, முற்றத்தில் முழங்கை போகிற அளவுக்குப் பாளம் பாளமாய் வெடிக்கும்போது, நல்ல மத்தியானத்தில் சுவருக்குள் யாரோ சுள்ளியை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். உங்கப்பாவுக்கு அது கேட்பதே இல்லை. எனக்கு இருபத்துநாலு வருஷமாகக் கேட்கிறது. ஒவ்வொரு வருஷமும் அந்த வெடிப்பைச் சிமெண்டு குழைத்து நானே பூசுகிறேன், மறு வருஷம் அது ஒரு சாண் தள்ளி வாயைத் திறக்கிறது.

நீ மாடி கட்டச் சொன்னாய் அல்லவா, அதற்காகத் தூத்துக்குடியிலிருந்து மண் பரிசோதிக்கிற இன்ஜினியர் பாண்டிராஜ் போன திங்கட்கிழமை வந்தார். சின்ன வயசுதான், நிதானமாகப் பேசுகிறார். நாலு மூலையிலும் அஸ்திவாரத்தை ஒட்டித் துளை போட்டுப் பார்த்தார். மூன்று மூலைகளில் ஆறடியில் சுக்கான் வந்துவிட்டது, கரிசலுக்கு அடியில் வெள்ளையாய்க் கெட்டியாய் இருக்குமே அது, அஸ்திவாரம் அதன்மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அடுப்படி மூலையில் மட்டும் பத்தடி போயும் கருப்பு தீரவில்லை. எந்தக் காலத்திலோ அங்கே ஒரு கிடங்குப் பள்ளம் இருந்து தூர்ந்திருக்கலாம் என்றார். நனைந்தால் அந்த மண் உப்பி வீட்டைத் தூக்குகிறது, காய்ந்தால் இறக்கிவிடுகிறது. அந்த மண்ணைப் பொடித்து இரண்டு கண்ணாடிக் குழாய்களில் ஒரே அளவு போட்டு, ஒன்றில் மண்ணெண்ணெயும் ஒன்றில் தண்ணீரும் ஊற்றி என் அடுப்படித் திண்டிலேயே வைத்துவிட்டுப் போனார். மறுநாள் பார்க்கிறேன், மண்ணெண்ணெயில் போட்டது போட்டபடி இருக்கிறது. தண்ணீரில் கிடந்தது இரண்டு மடங்காய் ஏறி நிற்கிறது. ஏதோ உயிருள்ளது போல் இருந்தது. சோறு பொங்கும்போதெல்லாம் கண் அங்கேயே போயிற்று.

குழாயில் மண் ஏறிய அளவை எடுக்கத் திரும்பி வந்தவரிடம் அப்பா பரமசிவனைத் திட்டினார். பாண்டிராஜ் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "மூணு மூலையில இவ்வளவு சுத்தமா சுக்கான் வரைக்கும் போன ஆளு, நாலாவதுல தெரியாம நிறுத்தியிருக்க மாட்டாரு அண்ணாச்சி. யாரோ நிறுத்தச் சொல்லியிருக்காவ" என்றார். அப்பா சிரித்தார். நான் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நிறுத்தச் சொன்னவள் நான்தான் சுதா. அது வைகாசி மாதம், நீ வயிற்றில் ஐந்து மாதம், எனக்கு இருபது வயது. தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால் வளவில் ஒற்றை அறையில் இருந்தோம். ராத்திரி பகல் மருந்து வாடை, எட்டு வீட்டுக்கு ஒரு குழாய். நிலை வைக்க வைகாசியில் கடைசி முகூர்த்தம் ஒன்றுதான் பாக்கி. அதை விட்டால் ஆனி, ஆடி ஆகாது, ஆவணியில் எனக்கு மாதம் ஏறிவிடும், நிறைமாதக்காரி இருக்கிற வீட்டில் நிலை வைக்க மாட்டார்கள். அன்றைக்கு அப்பா சிவகாசிக்குப் போயிருந்தார். பரமசிவன் குழியிலிருந்து மண்ணோடு ஏறி வந்து, "யம்மா, இந்த மூலையில இன்னும் சுக்கான் தட்டல. மூணு நா பொறுத்துக்கிடுங்க, அண்ணாச்சிகிட்ட சொல்லுங்க" என்றார். மூன்று நாள் பொறுத்தால் முகூர்த்தம் போய்விடும். நான் மறுநாள் பரமசிவனிடம், "அவிய போதும்னுட்டாவ, கல்லைப் போடச் சொல்லிட்டாவ" என்றேன். அப்பாவிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உன்னை அந்த வளவுக்குத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது என்ற ஒரே நினைப்புதான் எனக்கு. இதில் உன் பங்கு ஒன்றுமில்லை, அப்படி ஒருநாளும் நினைக்காதே.

இரண்டாம் மழைக்கு வெடிப்பு விழுந்தது. அப்பா நடுத்தெருவில் வைத்து, களவாணிப்பயலே, எந்தக் கல்லை மிச்சம் பிடித்தாய் என்று கேட்டார். பரமசிவன் வாயைத் திறக்கப்போனவர், இடுப்பில் உன்னை வைத்துக்கொண்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "தப்புதான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். அதற்கப்புறம் இந்தப் பக்கத்தில் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை, அப்பா ஒருவரிடம் விடாமல் சொல்லிவைத்தார். வெளியூரில் சித்தாள் வேலை பார்த்துப் புதூரில் கிடந்து செத்தார். எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன், அந்த ஒரு பார்வையைப் படித்து முடிக்க எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

இன்று காலையில் அப்பாவிடம் சொன்னேன். தோசையைப் பிய்த்த கை அப்படியே நின்றது. "அவன் ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். கையைக் கழுவிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கோமதியம்மாளைப் பார்க்கப் புதூருக்குத்தான் போயிருப்பார் என்று நினைக்கிறேன், பரமசிவன் சம்சாரம் அங்கேதான் இருக்கிறாள். போன் எடுக்கவில்லை. மத்தியானச் சோறு மூடியபடி இருக்கிறது.

மாடி வேண்டாம் சுதா. மேலே பாரம் ஏற்றுவதற்கு முன் அந்த மூலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டிக் கீழே சுக்கான் வரை கட்டிக்கொண்டு போக வேண்டும் என்கிறார் பாண்டிராஜ். அதைச் செய்வோம், மற்றது பிறகு. சின்னவளுக்குத் தலைக்கு எண்ணெய் வை, நீ வேலைக்குப் போகும்போது சாப்பிடாமல் போகாதே. மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நீடூழி இருங்கள். அப்பா உனக்குப் போன் செய்வார். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள். எனக்காக மட்டும் அவரிடம் பரிந்து பேசாதே.

உன் அம்மா
பிரேமலதா