காலேஜ் போன் பொய்யில்லை

அன்புள்ள அக்கா,

இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், எட்டு மாதமாக இரவு பகல் பாராமல் சொட்டுச் சொட்டாகச் சேவை செய்துவந்த நம் வீட்டுச் சமையலறைக் குழாய், நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு ஓய்வு பெற்றது. அப்பா ஸ்பேனரோடு தலைமை தாங்கினார். நான் வாளியோடு முன்னிலை வகித்தேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதச் சொன்ன அம்மா, எழுதி முடித்ததும், "அது எப்படிடா நலம்? அடிச்சுடு" என்றாள். ஆகையால் இங்கே பாதி நலம். மீதி நலம் உன் கையில் இருக்கிறது.

அம்மா எழுத வேண்டிய கடிதத்தை நான் எழுதுவதற்குக் காரணம், அவள் கம்பெனியில் தையல் மெஷின் சட்டைக் காலரோடு சேர்த்து அவள் ஆள்காட்டி விரலையும் தைத்துவிட்டது. பயப்படாதே, ஊசி குத்தியதற்கு ஆஸ்பத்திரியில் இன்னொரு ஊசி குத்திக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். விரலுக்கு லீவு, வாய்க்கு ஓவர்டைம். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன், எதையும் விடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். இனி வருவது அம்மா.

கண்ணு, பத்து நாளாக உன் போன் அணைந்தே கிடக்கிறது, ஹாஸ்டல் நம்பருக்கு அடித்தால் மணி அடித்து அடித்து நின்றுபோகிறது. மேனேஜர் என்று எவனோ ஒருத்தன் வேலை கிடைத்துவிட்டது சர்டிபிகேட்டோடு வா என்று போன் பண்ணி, நீ மூன்று பஸ் மாறிப் போய் அந்தக் கம்பெனி வாசலில் நின்று, அப்படி யாரும் இங்கே இல்லையம்மா என்று வாட்ச்மேன் சொல்லி, அங்கிருந்தே அழுதுகொண்டு என்னிடம் பேசினாயே, இனிமேல் தெரியாத நம்பர் எதையும் எடுக்க மாட்டேன் என்றாயே, அன்றைக்குக் கேட்டதுதான் உன் குரல். அந்தப் பாவி இருக்கட்டும், இப்போது அவசரம் வேறு. நீ எம்.எஸ்சி.க்கு விண்ணப்பம் போட்ட காலேஜிலிருந்து திங்கட்கிழமை இங்கே போன் வந்தது. காத்திருப்புப் பட்டியலில் இருந்த உனக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். நீ அந்தக் கம்பெனி வாசலில் நின்ற அன்றைக்குச் சாயங்காலமே அவர்கள் உனக்குப் பேசினதற்கு, "என்னை ஏமாத்தினது போதும் சார்" என்று வைத்துவிட்டாயாம். மறுபடி அடித்தால் போன் அணைந்திருந்ததாம். இருபத்திரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் நீ நேரில் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுமாம்.

(அக்கா, அந்தப் போனை எடுத்தது நான்தான். கிளார்க்கை நான் குறுக்கு விசாரணை செய்ததில் அவர், "தம்பி, சீட்டு உங்க அக்காவுக்கா, போலீஸ் வேலை உனக்கா?" என்று கேட்டுவிட்டார். ஏமாற்றுக்காரன் இருமினாலே எனக்குத் தெரிந்துவிடும். நம் வீட்டில் மூளையைப் பங்கு போட்டபோது நீ வேலை தேடப் போயிருந்தாய், உன் பங்கும் எனக்கே வந்துவிட்டது.)

சேரு என்று சொல்லவும் எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு, சேராதே என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. எங்கள் கம்பெனியில் என் பக்கத்து மேஜையில் நூல் பிசிறு வெட்டுகிற பெண் இரண்டு பட்டம் வாங்கினவள். அவள் கத்தரியைப் பார்க்கும்போதெல்லாம் உன் முகம்தான் வருகிறது. பதினான்கு மாதம் வேலைக்கு அலைந்து அலுத்துப்போய், ஒளிந்துகொள்ள ஒரு இடம் வேண்டும் என்று படிக்கப் போனால் இரண்டு வருடம் கழித்து அதே வாசலில்தானே வந்து நிற்பாய் என்று பதறுகிறது. ஆனால் முன்பெல்லாம் லேபில் ஏதோ ஒரு சொட்டு விட்டதும் நிறம் மாறிவிட்டது என்று ஒரு மணி நேரம் பேசுவாயே, வேலை தேடத் தொடங்கினதிலிருந்து நீ எதைப் பற்றியும் அப்படிப் பேசவில்லை. அந்தப் பேச்சு இன்னும் உனக்குள் இருந்தால் போய்ச் சேரு. இல்லையென்றால் வேண்டாம், இங்கே வந்துவிடு, யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். எதுவானாலும் நீயாக முடிவு செய்ததாக இருக்கட்டும், எவனோ ஏமாற்றினான் என்று இது தானாகக் கைவிட்டுப் போக வேண்டாம். அப்பா லேத் பட்டறையில் லீவு கேட்டு வைத்திருக்கிறார். வியாழக்கிழமை வரைக்கும் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வராவிட்டால் பஸ் ஏறிவிடுவார். நீ சாப்பிடுகிறாயா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

(இந்த இடத்தில் அம்மா மூக்கைச் சிந்தினாள். "அதை எழுதாதடா" என்றாள். சத்தியம் சத்தியம்தான்.)

போவதானால் வெறும் வயிற்றோடு போகாதே, வரிசையில் நின்றால் உனக்குத் தலை சுற்றும். சர்டிபிகேட் பையை மடியிலேயே வைத்துக்கொள். எந்தப் பக்கம் போனாலும் நீ நன்றாக இருப்பாய், என் தங்கம்.

இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போடும்,
உன் அம்மா

அக்கா, அம்மா கட்டு மாற்றப் போயிருக்கிறாள். இதை நான் மட்டும் எழுதுகிறேன். கூரியரில் வரும் இந்தக் கடிதத்தையும் நீ ஏமாற்று வேலை என்று நினைத்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது, அதனால் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த மேனேஜர் நான்தான். சிநேகிதன் போனில், வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பேசினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே கண்டுபிடித்து, "டேய் குரங்கு" என்று திட்டுவாய் என்று நினைத்தேன். நீ "ரொம்ப தேங்க்ஸ் சார், ரொம்ப தேங்க்ஸ்" என்றாய். அந்தக் குரலில் நீ பேசி நான் கேட்டதே இல்லை, போனை வைத்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் நீ அம்மாவிடம் சொல்லி, அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள். மறுநாள் நீ பஸ் ஏறியதும் எனக்குத் தெரியும். அப்போதும் சொல்லவில்லை.

காலேஜ் போன் நிஜம். என்னை நம்பாதே, உன் விண்ணப்பத்தின் தலைப்பில் ஆபீஸ் நம்பர் இருக்கிறது, நீயே அடித்துக் கேள். அம்மா வந்ததும் இதை அவளிடமும் சொல்லிவிடப்போகிறேன், கடிதத்தைக் கூரியர் கடையில் கொடுத்துவிட்டு வந்த பிறகு. அவ்வளவுதான் என் தைரியம்.

தம்பி