ஈரத் தடத்துக்கு எந்த மோட்டார்

ஓரெப்ரோ, சுவீடன்
செப்டம்பர் 11, வியாழன்

ஹோகானுக்கு,

விவாகரத்தில் வீட்டையும் நாற்காலிகளையும்கூடப் பிரித்துக்கொண்ட நாம், இந்த ரிமோட் பந்தயக் காரை மட்டும் ஏன் இன்னும் பொதுவில் வைத்திருக்கிறோம்?

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். கல்யாணமான நாளிலிருந்து நாம் எட்டாத இடம். ஓட்டுவது நீ, மோட்டார் என் பொறுப்பு. மழை வரும் என்கிறார்கள். அதனால், சுழற்சியைக் கவனித்துச் சொல்லும் சென்சார் இல்லாத மோட்டாரைப் பொருத்தியிருக்கிறேன். போன மழையில் சென்சார் கம்பிக்குள் சேறு புகுந்து கார் திக்கி நின்றதை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. கை வைக்காதே.

உல்ரிகா

செப்டம்பர் 13, சனி

உல்ரிகா,

கராஜ் மேசையில் உன் உத்தரவைப் பார்த்தேன். நன்றி, பேராசிரியரே.

உன் மோட்டார் கிளம்பும்போது எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் நடுங்கும். அதற்குள் நாலு கார் என்னைத் தாண்டிவிடும். சென்சார் இருந்தால் விரலை அசைத்ததும் நடுங்காமல் சீறிக்கொண்டு போகும். புத்தகத்தில் இது கிடைக்காது. உன்னுடையதைக் கழற்றி என்னுடையதைப் போட்டுவிட்டேன். கம்பி முனையில் கிரீஸ் தடவியாயிற்று. நாளை ஜெயித்த பிறகு உன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஹோகான்

செப்டம்பர் 15, திங்கள்

ஹோகானுக்கு,

நேற்று நடந்ததை வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிகிறாயாம். அதனால் எழுதி வைக்கிறேன்.

மழை பெய்தது. உன் மோட்டார் திக்கவில்லை. இரண்டாவதாக வந்தாய். ஒப்புக்கொள்கிறேன்.

விதிப்படி, ஓட்டி முடித்தவர் நேராகத் தடத்துக்குப் போய், அடுத்த பந்தயத்தில் கவிழும் கார்களை நிமிர்த்த வேண்டும். போகாவிட்டால் அவர் ஓட்டம் செல்லாது. நீயோ தடத்துக்கு வெளியே இருந்த என் மேசைக்கு வந்தாய்.

"என்ன பேராசிரியரே, பாத்தீங்களா? உங்க மோட்டாரா இருந்தா இன்னும் கெளம்புற கோட்டுலயே உக்காந்து இருமிக்கிட்டிருக்கும்!"

"பாத்தேன்."

"பாத்தேன்னா? தப்புன்னு ஒரு வார்த்த சொல்லு. வாய் வலிக்குமா? கேட்டுட்டுத்தான் இங்கருந்து நகருவேன்."

ஒலிபெருக்கியில் உன்னைக் கூப்பிட்டார்கள். உன் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. "தப்புதான்" என்றிருந்தால் அப்போதே போயிருப்பாய். நான் சொல்லவில்லை.

மூன்றாம் வளைவில் ஒரு நீலக் கார் தலைகீழாகக் கிடந்து சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டிருந்தது. நிமிர்த்த ஆளில்லை. நடுவர் முடிவுப் பட்டியலிலிருந்து உன் பெயரை அடித்தார்; தேசியப் போட்டியும் போயிற்று.

நீ காரைத் தூக்கிக்கொண்டு போனாய். நான் என் திருப்புளிகளைப் பொறுக்கி எடுத்து, என்னிடமிருந்த கராஜ் சாவியை அங்கே உன் நாற்காலியில் வைத்துவிட்டு, பேருந்தில் வீடு வந்து சேர்ந்தேன்.

உல்ரிகா