சிவப்பு பெயிண்டுக்கு அடியில்

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் ஊர் வாய்க்கால் தலைப்பில் புது மதகு ஷட்டரைப் பொருத்தியாயிற்று. கம்யூனிட்டி காலேஜ் வெல்டிங் வகுப்பில் பன்னிரண்டு பேர் சேர்ந்து செய்தது. இரும்புப் பலகையைத் தூக்கும் திருகுகம்பி பலகையோடு சேரும் இடத்தை ஒட்டுவது மட்டும் என் வேலை. கேட்டு வாங்கினேன். நாற்பத்தொரு வயதில் படிக்கப் போகிறான் என்று சிரித்த ஊர் இன்று வாய் பிளந்து நின்றது. ஊர்ப் பெரியவர் பஞ்சநதம் மாமா என் ஒட்டைத் தடவிப் பார்த்தார். "வழவழன்னு இருக்கேப்பா புகழேந்தி!"

பெயிண்ட் அடித்தால் எல்லாம் வழவழப்புதான்.

ஜூன் 5

அதை ஏன் எழுதினேன்? சரி, மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். ஒரு வரி வெல்டிங் வைத்ததும் மேலே படியும் கசடைத் தட்டி, பிரஷ்ஷால் தேய்த்த பிறகுதான் அடுத்த வரி வைக்க வேண்டும். நான் ஒட்டிய அன்று பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் நிற்கும் என்றார்கள். மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். நான் மட்டும் கடைசியா என்று கசடின் மேலேயே அடுத்த வரியை இழுத்துவிட்டேன். வகுப்பெடுக்கும் மேடம் வந்து பார்ப்பதற்குள் சிவப்பு பெயிண்டும் அடித்தாயிற்று. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

ஜூன் 9

மர்யம் மேடம் என்னைவிடப் பதினான்கு வயது சின்னவர். இன்று அழகான வெல்டிங் துண்டு ஒன்றை வைஸ் இடுக்கியில் பிடித்துச் சுத்தியலால் அடித்தார். நாலாவது அடியில் பட்டென்று விட்டது. உள்ளே கறுப்பாகக் கசடு.

"மேல பாத்து ஏமாறாதீங்க. பாரம் வந்தாத்தான் தெரியும்."

எல்லாருக்கும்தான் சொன்னார். எனக்கு மட்டும் காது சுட்டது.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் திறந்தாயிற்று. முதல் தண்ணீருக்கு நான்தான் ஷட்டரைத் திருக வேண்டுமாம். ஊரில் பேசி முடித்துவிட்டார்கள். குந்தவை என் வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டாள். அவளுக்குப் புருஷன் பெருமை.

காய்ந்த வாய்க்காலில் பலகை ஏறி இறங்கியது சரி. தண்ணீர் அழுத்தும்போது? எல்லாரும் பூவும் நெல்லும் தூவி நிற்க, கம்பி மட்டும் மேலே வந்து பலகை அடியிலேயே கிடந்தால்? அறுபது ஏக்கர் குறுவை நாற்றுடா! அதில் மூன்று ஏக்கர் என் குத்தகை.

ஜூன் 14

ஷட்டரைப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது தடவை. ஒன்றும் தெரியவில்லை — பெயிண்டை மட்டும் அவ்வளவு நன்றாக அடித்திருக்கிறேன்.

ஜூன் 16

கல்லணையும் திறந்துவிட்டார்கள். சோறு இறங்கவில்லை. குந்தவையிடம் கொட்டிவிட்டேன்.

"யார்கிட்ட சொல்லப் பயம்? மேடத்துகிட்டயா, ஊர்லயா?"

"ரெண்டும்தான்."

"அப்ப முதல்ல மேடம். அவங்ககிட்டதான் மிஷின் இருக்கு."

ஜூன் 17

சொன்னேன். "பெயிண்டுக்கு முன்னாடி நான் பாத்திருக்கணும். அது என் தப்பு" என்றார் மேடம். பிறகு, "நாளைக்கு ஜெனரேட்டரோட வரேன். வெட்டுறதும் நீங்க, ஒட்டுறதும் நீங்க. ஒளிச்சுப் பண்ண வேணாங்க."

ஜூன் 18

பட்டப்பகலில், ஊர் பார்க்க, கிரைண்டரால் வெட்டினேன். பாதி வெட்டும் முன்பே கம்பி தனியாக வந்துவிட்டது. உள்ளே கறுப்பு. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். திட்டியிருக்கலாம். பக்கத்து வயல் ராஜ்குமார் மட்டும் "காலேஜ் படிப்பு!" என்றான்.

ஒவ்வொரு வரிக்கும் தட்டினேன், தேய்த்தேன், மேடத்திடம் காட்டினேன். மூன்று மணி நேரம். பெயிண்ட் டப்பாவை எடுத்தபோது மேடம் தடுத்தார். "முதல் தண்ணி வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். ஊரு பாக்கட்டும்."

ஜூன் 20

திருகும் மரியாதை பஞ்சநதம் மாமாவுக்குப் போய்விட்டது. நியாயம்தான். ஆனாலும் வயிறு எரிகிறது. சட்டை மடித்தபடியே இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்தது. பூ போட்டார்கள், நெல் தூவினார்கள். நான் பின்னால் நின்றேன். பிடியில் கை வைத்த மாமா, திருகாமல் குனிந்து பெயிண்ட் இல்லாத இடத்தை விரலால் தடவினார்.

"இது யாரு பண்ணது?"

"நான்தான் மாமா."

"முன்ன பண்ணது?"

யாரோ சிரித்தார்கள்.

"அதுவும் நான்தான்."

மாமா திருகினார். பலகை முனகிக்கொண்டே ஏறியது. ஒட்டு விடாமல் நின்றது. தண்ணீர் எங்கள் பக்கம் ஓடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, யார் பார்த்தால் என்ன.

கலைந்து போகும்போது மாமா என் பக்கம் வந்தார்.

"டிராக்டர் கொக்கி விட்டுருக்கு. நாளைக்கு வந்து ஒட்டிக் குடு. பெயிண்டு நான் அடிச்சுக்கறேன்."