நான் இல்லாத மாதங்கள்

போடிநாயக்கனூர்,
2.9.2024

அன்புள்ள பொன்னுமணிக்கு,

நான் சுகம். நீயும் மகள் ரேணுகாவும் அங்கே சுகம்தான் என்று நம்புகிறேன். போன் போட்டால் ரேணுகாதான் எடுக்கிறாள். "அம்மா குளிக்கிறாங்கப்பா" என்கிறாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பாய்? அதனால்தான் எழுதுகிறேன்.

சுதந்திர தின விழாவுக்கு மறுநாளே மகளுக்கு முடியவில்லை என்று பஸ் ஏறினாய். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். பள்ளிக்கூட மேடையில் நான் என்ன தப்பாகப் பேசிவிட்டேன்? எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் பிடிபட்டதையும், பாகிஸ்தானில் ஒரு வருஷம் கைதியாகக் கிடந்ததையும் சொன்னேன். "நான் செத்துட்டேன்னு ஊரே சொன்னப்பவும் எங்கம்மா நம்பல, மருமக தாலியத் தொட விடல" என்றேன். அம்மா என்னிடம் சொன்னதைத்தானே சொன்னேன்? எல்லோரும் கை தட்டினார்கள். நீ எழுந்து போனாய்.

குரங்கணித் தோட்டத்தில் ஏலக்காய் பறிப்பு ஆரம்பித்துவிட்டது. ஜீப்பு ஓட்டும் சுருளி, "ஆத்தா எப்ப வரும்?" என்று தினமும் கேட்கிறான். என்ன சொல்ல?

மொக்கையன்


கோயம்புத்தூர்,
9.9.2024

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

நீங்கள் மேடையில் சொன்னது நடக்கவில்லை, மாமா. உங்களைக் காணவில்லை, இறந்திருக்கலாம் என்று தந்தி வந்தது. தை பிறந்ததும் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். என்னைக் கொல்லைக் கிணற்றடியில் உட்கார வைத்தார்கள். அத்தைதான் தாலியைக் கழற்றினார். அவர் கையும் நடுங்கியது, பொய் சொல்லமாட்டேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அதன் பிறகு வெளியே கிளம்புகிறவர்கள் என்னைக் கண்டால் திரும்பிப் போய், தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

சித்திரையில் நீங்கள் முகாமிலிருந்து எழுதிய கார்டு, செஞ்சிலுவைச் சங்கம் மூலமாக வந்தது. அத்தை அழுதுகொண்டே மஞ்சள் கயிறு வாங்கிவந்து அவரே என் கழுத்தில் கட்டினார். "அவன் பட்டதே போதும் ஆத்தா, இதையும் அவன் காதுல போட்றாத" என்றார். ஊர்ப் பெரியவர்கள் வாயையும் அவரே கட்டினார். எலும்பும் தோலுமாக நீங்கள் ரயிலை விட்டு இறங்கியதைப் பார்த்தபோது, எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

ஐம்பது வருஷமாக என் கழுத்தில் கிடப்பது நீங்கள் கட்டியதில்லை. அன்று எல்லோரும் கை தட்டும்போது நான் மறுபடியும் அந்தக் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன்.

பொன்னுமணி


போடிநாயக்கனூர்,
16.9.2024

பொன்னு,

வாசித்துவிட்டு இரண்டு நாள் தோட்டத்துக்குப் போகவில்லை. அம்மா உயிரோடு இருந்தால் சண்டை போட்டிருப்பேன். பிறகு, கை நடுங்கியது என்று நீ எழுதியதை நினைத்தேன். இனி யாரோடு சண்டை போட?

கைதி முகாமில், காலில் பட்ட காயம் சீழ் வைத்துக் காய்ச்சலில் கிடந்தேன். பக்கத்தில் படுத்திருந்த பஞ்சாபிக்காரன் வீட்டைப் பற்றிக் கேட்பான். நீ பூ வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாய் என்று சொல்வேன். அந்த நினைப்பில்தான் காய்ந்த ரொட்டியை விழுங்கினேன், அடியைத் தாங்கினேன். அதே நாட்களில் உன் தலையில் பூ இல்லை.

திரும்பி வந்த பிறகு எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். அடித்தானா, சோறு போட்டானா என்று. நான் தூக்கத்தில் கத்திக்கொண்டு எழும்போதெல்லாம் நீயும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாய். 'நீ எப்படி இருந்தாய்?' என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

வா பொன்னு. குலசாமி கோயிலில் என் கையால் மறுபடியும் கட்டுகிறேன்.

மொக்கையன்


கோயம்புத்தூர்,
24.9.2024

மாமாவுக்கு,

கோயிலும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். நீங்கள் உயிரோடு இருப்பது தெரிந்த அன்று கட்டிய கயிறு இது. அவிழ்க்க எனக்கு மனமில்லை.

ஆனால் கேட்கவில்லை என்று எழுதினால் ஆயிற்றா? கேளுங்கள்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். சுருளியை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்புங்கள். நேரே குரங்கணிக்குப் போய்விடலாம். அந்தக் கிணறு இருக்கும் வீட்டுக்குள் வைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. பறிப்பு ஆட்களை இரண்டு நாள் வேறு சோலி பார்க்கச் சொல்லுங்கள்.

தந்தி வந்த நாளிலிருந்து ஆரம்பிப்பேன். நடுவில் எழுந்து போகக்கூடாது. உங்கள் அம்மாவுக்காகப் பரிந்து பேசக்கூடாது. "போதும் பொன்னு" என்று சொல்லக்கூடாது.

நான் அழுதால், அழ விடுங்கள்.

உங்கள்
பொன்னு