தண்ணி லாரிப் பாட்டு போட்ட மத்தியானம்

மாமு,

கடையை ஒழுங்குபடுத்தும்போது உன் மைக் கிடைத்தது. பழைய ஒயர்களுக்கு அடியில் ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தேன். அதன் வாய்ப் பஞ்சில் இன்னும் கிராம்பு வாசனை இருக்கிறது. தொண்டை கட்டாமல் இருக்க ஒரு கிராம்பைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டுதானே பேசுவாய். போன வருஷம் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்தபிறகு அதை நான் தொடவே இல்லை. இன்று மூக்கருகே வைத்தவன், ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் ஒரு மாதிரி பார்க்கும்வரை அப்படியே நின்றுவிட்டேன்.

எர்ணாவூரிலிருந்து இரண்டு பெண்கள் போன வாரம் வந்தார்கள். அங்கே குடியிருப்போர் சங்கம் வைத்திருக்கிறார்களாம். சுற்றியுள்ள ஆலைகளில் ஏதாவது வாயு கசிந்தால் தெருத்தெருவாகப் போட ஓர் அறிவிப்பு வேண்டும் என்றார்கள். "நல்ல தமிழ்ல, கணீர்னு நீங்களே பேசிக் குடுங்க பாய்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சரி என்று தலையாட்டிவிட்டேன். ஒரு வாரமாக மைக் முன்னால் உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். நல்ல தமிழில் கணீரென்று பேசி நான் பட்ட பாடு உனக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும்.

உனக்கு இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ, எனக்குத் திருவொற்றியூரில் ஆள் திரும்ப இடமில்லாத ஒலிப்பதிவுக் கடை. நீ விளம்பர வேலை பிடித்து வருவாய், நான் எழுதிப் பேசிப் பதிந்து தருவேன். வெறும் குரலைத் தெருவில் விடக்கூடாது என்பது உன் சட்டம். "மொதல்ல பாட்டு போவணும் பாய். அது போயி கதவத் தட்டும். பேச்சு அப்பால வர்ட்டும்" என்பாய். கோயில் திருவிழாவுக்கு நாதஸ்வரம். துணிக்கடைத் தள்ளுபடிக்கு உடம்பை ஆட்டும் தாளம். சாவுச் செய்திக்கு நீயே வாய் திறக்காமல் இழுக்கும் ஒரு ராகம். அதைக் கேட்டால் வண்டியில் போகிறவன்கூடக் காலை ஊன்றி நிற்பான்.

ஒருநாள் குறும்பு தலைக்கேறி, புடவைத் தள்ளுபடிக்கு முன்னால் நாதஸ்வரத்தைப் போட்டுப் பார்த்தோம், ஞாபகமிருக்கிறதா? நான் வாய் வலிக்கத் தள்ளுபடியைச் சொல்லியும் ஒருவர் காதில்கூட ஏறவில்லை. எந்தக் கோயிலில் விசேஷம் என்றுதான் கேட்டார்கள். ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டார். நீ ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து சிரித்தாய். நான் மட்டும் அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் நான் பேசும் பேச்சுக்கு என்னதான் வேலை?

எல்லாவற்றிலும் உனக்குப் பிடித்தது தண்ணி லாரிப் பாட்டு. என் கடையில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து நீயே தட்டிப் பாடியது. 'லாரி வந்துகீது லச்சுமி, கொடத்த எட்த்துகினு ஓடியா' என்று தொடங்கும். ஒரு தட்டு கேட்டால் போதும், எர்ணாவூரில் அத்தனை கதவும் திறக்கும்.

தெருவில் உன் பேச்சுக்கு நீதான் ராஜா. அரசாங்க ஆட்கள் முன்னால் மட்டும் உன் வாய் கட்டிக்கொள்ளும். ஒரு அரசுப் பள்ளி விழாவில் நீ மைக் பிடித்தபோது, மேடையில் இருந்த ஒரு பெரியமனிதர், "சினிமா காமெடி மாதிரியே பேசுறாரே" என்றார். பந்தல் முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய். ஆனால் அதற்குப் பிறகு அரசாங்க வேலை எது வந்தாலும் என்னிடம் தள்ளிவிட்டாய். மாமு, அந்த ஆள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அதனால்தான் அந்த மத்தியானம் அப்படி ஆனது. காற்றில் ஏதோ நெடி ஏறி எல்லோருக்கும் கண் எரிந்தது. எந்தக் குழாயில் கசிவு என்று யாருக்கும் தெரியவில்லை. எர்ணாவூர் வரிசை வீடுகளைக் காலி செய்து, தெற்கே பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லும்படி ஒரு போலீஸ்காரர் உன்னிடம் சொல்லியிருக்கிறார். நீ அங்கே போகாமல் நேராக என் கடைக்கு வந்தாய். "கவர்மென்ட் மேட்டரு பாய். நான் பேசுனா சிரிப்பானுங்கோ. நீ பேசு." எனக்காவது புத்தி வேண்டாமா? என் அம்மா அந்த வரிசையில்தான் இருந்தாள், மூச்சிரைப்புக்காரி. அப்படியிருந்தும் நான் உட்கார்ந்து வாசகம் எழுதினேன். 'பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு' என்று தொடங்கினேன். அரசாங்க அறிவிப்புக்கு எந்தப் பாட்டு என்று இருவரும் குழம்பி, மரியாதையாக இருக்கட்டும் என்று வீணையைப் போட்டோம். பத்து நிமிஷம் போனது.

முதல் தெருவில் என் குரல் போனது. ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு ஜன்னலில் ஒருவர் எட்டிப் பார்த்து, திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் உன் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். பிறகு வீணையை நிறுத்திவிட்டுத் தண்ணி லாரிப் பாட்டைப் போட்டாய்.

கதவுகள் படபடவென்று திறந்தன. குடத்தோடு வந்தார்கள், இடுப்பில் ஒன்று கையில் ஒன்று. லாரியைக் காணாமல் உன்னைத் திட்டத் தொடங்குவதற்குள் நீ மைக்கை எடுத்தாய். "யம்மோவ், லாரி இல்ல. காத்து கலீஜா கீது. துணிய நனச்சி மூக்குல வெச்சிகினு ஸ்கூலாண்ட போ. சோத்த அப்டியே வுடு. கெய்விங்கள புட்ச்சிகினு வா, ஜல்தி." யாரும் சிரிக்கவில்லை. காலிக் குடங்களோடு அத்தனை பேரும் நடந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அம்மாவும் இருந்தாள்.

அன்று யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அம்மா மட்டும் நாலைந்து நாள் இருமினாள். பள்ளி வராந்தாவில் அவளிடம் கேட்டேன், என் குரல் கேட்கவில்லையா என்று. "கேட்டுச்சிடா. ஒன் கொரல்னு தெரிஞ்சிது. நீ இன்னாத்தியோ விக்கிறேன்னு நெனச்சிகினு ஒக்காந்துட்டேன்" என்றாள். நீயும் பக்கத்தில் நின்று அதைக் கேட்டாய். திரும்பி வரும்போதுதான் சொன்னாய்: "நீ தப்பா பேசல பாய். அந்தத் தமிழ்ல இதுவரிக்கும் நமக்குன்னு இன்னா வந்துகீது?"

வீடு காலி செய்யச் சொன்ன நோட்டீஸ் அந்தத் தமிழில் வந்தது. ஓட்டுக் கேட்ட துண்டுத்தாள் அதில் வந்தது. சமையல் எண்ணெய் விளம்பரம், என் குரலிலேயே, அதில்தான் வந்தது. எதற்கும் பதில் சொல்லாமல் இருந்து பழகிய காது, என்னையும் அதே வரிசையில் நிறுத்திவிட்டது. அந்தத் தமிழ் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இந்த மடலைக்கூட அதில்தான் எழுதுகிறேன். ஆனால் அது எங்கள் தெருவுக்குள் எந்தக் கை பிடித்து வந்தது என்று பார்க்க மறந்துவிட்டேன்.

உன் பாட்டும் சும்மா இருக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு மாதம், நிஜமாகவே லாரி வந்தாலும் பெண்கள் வாசலில் நின்று காற்றை முகர்ந்துவிட்டுத்தான் குடத்தை எடுத்தார்கள். ஒரு பாட்டின் அர்த்தம் ஒரே மத்தியானத்தில் மாறிவிடும் என்று நான் நினைத்ததே இல்லை.

இப்போது அங்கே பல வீடுகளில் தண்ணீர் கேனில் வருகிறது. அந்தப் பாட்டைச் சின்னப் பிள்ளைகளிடம் போட்டுக் காட்டினேன். ஆடினார்கள், அவ்வளவுதான். எந்தச் சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி ஓடி வருவீர்கள் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் கேட்டேன். மீன் விற்கும் அம்மா, "எம் புள்ள அய்தா வருவேன்" என்றாள். சங்கத்துப் பெண்களில் ஒருத்தி நெடுநேரம் யோசித்து, "எங்க வூட்ல யாராச்சும் என் பேரச் சொல்லிக் கத்துனா" என்றாள்.

நேற்றுப் பதிந்துவிட்டேன். பாட்டு இல்லை, வாசகம் எழுதவில்லை. கடையில் ஒரு தமிழும் வீட்டில் ஒரு தமிழுமாக இத்தனை வருஷம் ஓட்டியவன், முதல்முறையாக வீட்டுப் பேச்சில் மைக் முன்னால் வாய் திறந்தேன். வெட்கமாக இருந்தது, குரல் நடுங்கியது. அழிக்காமல் விட்டேன். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியவில்லை. அதைக் கேட்க முடியாமல் போனதுதான் எனக்கு வலிக்கிறது.

இப்போது அம்மா என்னோடுதான் இருக்கிறாள். காது முன்போல இல்லை. அந்தப் பதிவை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூடத்தில் வைத்துப் போட்டுப் பார்த்தேன். அடுக்களையில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வாசல்வரை வந்து நின்றாள்.

"எங்கடா போவணும்?" என்றாள்.

சும்மா போட்டுப் பார்த்தேன் என்று சொல்லி, அவளைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.