ஏழாவது குப்பி

1938, தை பன்னிரண்டு. காலை ஆறே கால் மணி. மேசையில் பதினோரு குப்பி.

என்னை இடுப்பிலேயே வைத்துத் திரிந்த அக்காவுக்கு,

"இதுக்குத்தானா படிச்சே சாமி?" என்று நீ சிரித்த அதே வேலையில்தான் இன்னும் இருக்கிறேன். அஸ்தம்பட்டி டாக்டரம்மாவுக்கு மூத்திரப் பரிசோதனை. ஸ்பிரிட் விளக்கில் குழாயின் மேல்பாதியை மட்டும் காய்ச்சுவேன். ஆல்புமின் இருந்தால் முட்டை வெள்ளைக்கரு வேகிற மாதிரி வெளுத்துத் திரளும். இரண்டு சொட்டு அமிலம் விட்டும் கலையாவிட்டால் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆபத்து.

இன்றைக்கு ஏழாவது குழாயில் திரண்டது. சேர்வராயன் மலையிலிருந்து பனி இறங்குகிற மாதிரி, அவசரமே இல்லாமல். அந்த வெள்ளைக்குள் நீ முதுகைக் காட்டி நடந்து போவது போல் இருந்தது. கூப்பிட்டால் திரும்பியிருப்பாயா?

நாலு வருஷம் முன்னால், எட்டாம் மாசத்தில் உனக்குக் கால் வீங்கியது. "பிள்ளைத் தண்ணி, தானா வடிஞ்சிரும்" என்றார்கள். நான் ராசிபுரத்துக்குக் குப்பி கொடுத்தனுப்பினேன். வந்ததைக் காய்ச்சினேன். தெளிவாகவே நின்றது. "ஒன்றுமில்லை" என்று எழுதிப் போட்டேன். ஒன்பதாம் நாள் உனக்கு வலிப்பு. பிள்ளையும் தங்கவில்லை.

உன் காரியம் முடிந்த அன்று உன் நாத்தனார் ராஜம்மா அழுதுகொண்டே சொன்னாள். "அந்தக் குப்பியில இருந்தது என்னோடதுங்க. தம்பி கையில இதைக் குடுக்கறதான்னு அண்ணி வெக்கப்பட்டாங்க. என்னைய ரொப்பித் தரச் சொன்னாங்க."

"கொன்னுட்டியே" என்றேன். அதோடு அவளிடம் பேச்சில்லை.

என்னிடம் என்ன வெட்கம் அக்கா? எனக்குக் கழுவிவிட்டவளே நீதானே? சரி, நான் ஏன் ஒரு தரம் நேரில் வரவில்லை? பதினாறு மைல். உன் முகத்தைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

நேற்றுச் சாயங்காலம் ராஜம்மா வந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருக்கிறாள், நீ படுத்திருந்த அதே அறையில். குப்பியை வைத்து, "இந்தத் தடவை மாத்தலைங்க, என்னோடதேதாங்க" என்றாள். நான் நிமிரவில்லை. அதனால் கால்தான் தெரிந்தது. மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. "நாளைக்குச் சொல்றேன், போ" என்று பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டேன்.

ஏழாவது குப்பி அவளுடையது.

இனி செய்யப்போவது:

1. மிச்சம் நாலு குப்பியையும் காய்ச்சி முடிப்பேன்.
2. எட்டு மணி பஸ்ஸில் ராசிபுரம் போவேன். கடுதாசி எழுத மாட்டேன்.
3. யார் தடுத்தாலும் அவளைக் கூட்டி வந்து டாக்டரம்மாவிடம் படுக்க வைப்பேன்.
4. தினமும் குழாயைப் பார்ப்பேன். அதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார்ப்பேன்.
5. "கொன்னுட்டியே" என்றதற்கு மன்னிப்புக் கேட்பேன். இதை பஸ்ஸை விட்டு இறங்கினதுமே.

நீ குளிப்பாட்டி வளர்த்த தம்பி,
பழனிசாமி